கேட்காமல் நடந்த வழி

தெல்மா டக்வெல்லுக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி என்று பக்கிள்டன் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளைக் கேட்டால் அவளே சொல்வாள். எழுபது வயதைத் தாண்டியதில் முழங்காலும் கண்ணும் கொஞ்சம் தளர்ந்துவிட்டன, வாய் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்த வாயை நம்பித்தான் அந்த ஊரில் புதன்கிழமை நடையே நடந்துகொண்டிருந்தது.

மழையோ வெயிலோ, புதன்கிழமை காலையில் சர்ச் வாசலில் சிவப்புத் தொப்பியும் கைத்தடியுமாக அவள் நிற்பாள். யார் வேண்டுமானாலும் கூட வரலாம். பர்மிங்ஹாமிலிருந்து முதுகுப்பையோடு வந்திறங்கும் பட்டணத்துக்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், நாயைக் கூட்டி வருபவர்கள், நாய் இழுத்து வருபவர்கள், எல்லாரும் வருவார்கள். சர்ச்சின் கல் சுவரை ஒட்டி இருக்கும் மரப்படியில் ஏறி வேலியைத் தாண்டினால் நெடுவயல். அதைக் குறுக்காகக் கடந்து, ஓடைக்கரையில் பழைய மாவு மில்லைத் தொட்டு, அங்கிருந்து மேட்டில் மூச்சு வாங்க ஏறி, ரோமானியர் காலத்து ரோட்டில் காற்று வாங்கிக்கொண்டு நடந்து, இறங்கினால் 'கலப்பை' என்ற பப். அங்கே ஒரு கிளாஸ் பீரும் சுடச்சுட ஒரு இறைச்சிப் பணியாரமும் உள்ளே போனதும் எல்லாருக்கும் கால்வலி மறந்துபோகும். மில் சுற்று என்று அதற்குப் பெயர்.

தெல்மாவின் வீடு மில்லை ஒட்டிய கல் வீடு. புருஷன் போன பிறகு அங்கே தனியாகத்தான் இருந்தாள். போன வருடம் கண் டாக்டர் இனி கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். காரை விற்றாள், கவலைப்படவில்லை. கடைக்கும் சர்ச்சுக்கும் டாக்டரிடமும் போக நெடுவயல் பாதை இருக்கிறது, பத்து நிமிட நடை. பாதை இல்லையென்றால் தார் ரோடு. அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குப் புதர்வேலி, நடைபாதை கிடையாது, திருப்பத்தில் பால் லாரி வந்தால் ஒதுங்க இடம் இல்லை. நல்ல கண் இருக்கிறவர்களே அதில் நடக்க யோசிப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் நெடுவயல் கை மாறியது. கிழவர் டெஸ்மண்ட் ரூக் பிள்ளைகுட்டி இல்லாதவர், குனிந்து நிமிர முடியாமல் பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டார். வாங்கியவன் லண்டனிலிருந்து வந்த ரூபர்ட் லேசி. ஆள் கெட்டவன் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் மனசாரத் திட்டவாவது செய்யலாம். மரப்படி இருந்த இடத்தில் இரும்புக் கேட்டை வைத்துவிட்டு, ஊர்க் கடைக்குத் தானே வந்து மன்னிப்பும் கேட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. என் மனைவி குதிரைக்குட்டி வளர்க்கிறா. ஆள் நடமாட்டம் இருந்தா மிரளுதுங்க. மேப்புலயும் அப்படி ஒரு பாதை இல்லையே."

இல்லைதான். அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால், ஊரிலுள்ள பொதுப் பாதைகளை எல்லாம் வரைந்து அனுப்புங்கள் என்று அரசாங்கம் கேட்டபோது, அப்போதிருந்த ஊர்க் குமாஸ்தா யாரும் போகாத முள்ளுக்காட்டு வழியைக்கூட விடாமல் வரைந்தார். நெடுவயல் பாதையை மட்டும் விட்டுவிட்டார். எல்லாருக்கும் தெரிந்த வழியை எதற்கு வரைய வேண்டும் என்று நினைத்தாராம். புத்திசாலி!

செய்தி கேட்டதும் ஸ்விண்டனிலிருந்து மகள் ஜாக்கி போன் போட்டாள்.

"அம்மா, பாதை போச்சுன்னா நீ என்கிட்ட வந்துடணும். பேச்சே கிடையாது. அந்த ரோட்டுல நீ நடக்குறேன்னு நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

"உன் வீடு ஏழாவது மாடிடி."

"லிஃப்ட் இருக்கும்மா."

"லிஃப்ட்ல எங்கடி நடக்குறது?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, போனை வைத்த பிறகு தெல்மா யோசித்துப் பார்த்தாள். மகள் சொல்வதில் நியாயம் இருந்தது. நியாயம் இருப்பதுதான் பயமாக இருந்தது.

ஊர்க் கடையும் தபாலாபீசும் சேர்த்து நடத்தும் கிளெனிஸ் சும்மா இருக்கிறவள் இல்லை. வேல்ஸ்காரி, சண்டை என்றால் சர்க்கரைப் பொங்கல். சட்டத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு பாதையில் பொதுஜனம் இருபது வருடம் விடாமல் நடந்திருந்தால் அது பொதுப் பாதை ஆகிவிடும். மனு போட்டாள். விசாரிக்க மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வருவதாகப் பதில் வந்தது. அதுவரை கேட்டைப் பூட்டுவதில்லை என்று லேசியும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டான். ஆனால் அவன் பக்கத்துச் சாட்சியாக டெஸ்மண்ட் ரூக் வருகிறார் என்று தெரிந்ததும் கிளெனிஸ் ஓட்டமும் நடையுமாக மில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"தெல்மா, ஒரே ஒரு தடவை போய்ப் பேசுடி. 'சௌக்கியமா டெஸ்மண்ட்'னு ஒரு வார்த்தை. வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?"

"உதிரும்."

"அந்த மனுஷன் கையிலதான்டி உன் வீடே இருக்கு!"

"என் கேக்குக்குப் பக்கத்துல அட்டை வெச்ச ஆளோட எனக்கு என்னடி பேச்சு?"

அந்தக் கதை ஊருக்கே மனப்பாடம். ராணி பட்டத்துக்கு வந்த பொன்விழா வருடம், 2002-ல், ஊர்க் கண்காட்சியில் கேக் போட்டி. ராஸ்ப்பெரி ஜாம்தான் நடுவில் தடவ வேண்டும் என்று விதி. அந்த வருடம் தெல்மாவின் ராஸ்ப்பெரிச் செடிகளைப் பறவைகள் பதம் பார்த்துவிட்டன, அவள் ஸ்ட்ராபெரி ஜாம் தடவினாள். வழக்கமான நடுவருக்குக் காய்ச்சல், பதிலுக்கு உட்கார்ந்தவர் டெஸ்மண்ட். அவர் கேக்கை வாயில்கூட வைத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் 'விதிப்படி இல்லை' என்று ஒரு அட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஊரில் களவு செய்து பிடிபட்டால்கூட நாலு வருடத்தில் மறந்துவிடுவார்கள், அந்த அட்டையை மறக்க மாட்டார்கள்.

"மாட்டு மூஞ்சியைத் தவிர வேற எதையும் மோந்து பாக்காத ஆளுக்குக் கேக்கைப் பத்தி என்ன தெரியும்?" என்று டீக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் தெல்மா.

"ராஸ்ப்பெரின்னு எழுதியிருந்தா ராஸ்ப்பெரிதான்" என்றார் டெஸ்மண்ட்.

அதுதான் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் தினமும் அவர் வயல் வழியாகத்தான் போனாள், வந்தாள். அவர் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே போகிறது பாதை. அவள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள், அவர் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். தெல்மாவின் புருஷன் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளிடம் யார் என்ன சொல்ல?

"நாசமாப் போச்சு. உன் வீம்பால பாதையும் போகப் போகுது, நீயும் ஸ்விண்டன் போகப் போற" என்று கிளெனிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தெல்மா உண்மையிலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். டெஸ்மண்டின் தெருமுனை வரை போனாள். அவர் வீட்டில் விளக்கு எரிந்தது. முதலில் யார் பேசுவது என்று நினைத்தாள், கோபம் திரும்ப வந்துவிட்டது. வந்த வழியே திரும்பிவிட்டாள்.

விசாரணை நாளன்று ஊர் மண்டபத்தில் உட்கார இடம் இல்லை. மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பின்னால் டீப் பாத்திரத்தைக் கொதிக்க வைத்திருந்தார்கள். அதிகாரி அம்மாள் மிஸஸ் ஹட்டன் ஒல்லியாக, கோட்டும் ஸ்கர்ட்டுமாக, காலில் மட்டும் சேறு படிந்த பூட்ஸோடு வந்து உட்கார்ந்தார். லேசி ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தான். சின்னப் பெண், குரல் தேனாக ஒழுகியது. முன் வரிசை ஓரத்தில் டை கட்டிக்கொண்டு டெஸ்மண்ட் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஜாக்கியும் லீவு போட்டுவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஊர்ப் பக்கத்தில் முதல் சாட்சி பெர்னார்டு. சர்ச் மணி அடிக்கிற குழுவுக்குத் தலைவர்.

"முப்பது வருஷமா அந்த வழியாத்தான் மணி அடிக்கப் போறோம், மேடம். நாங்க ஆறு பேர்."

கிளெனிஸ் பெருமையாகத் தலையாட்டினாள். வக்கீல் பெண் எழுந்தாள்.

"நீங்க போறதை மிஸ்டர் ரூக் பாத்திருக்காரா?"

"பாக்காம? கையாட்டுவாரு. தங்கமான மனுஷன்."

"அப்போ அவர் அனுமதியோடதான் நடந்தீங்க?"

"பின்னே?" பெர்னார்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அடுத்தவர் நிலத்துல கேக்காமலா நடப்போம்? இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே போய்க் கேட்டேன். தாராளமா நடங்கன்னாரு."

"ரொம்ப நன்றி" என்று சிரித்தாள் வக்கீல் பெண்.

அடுத்து வந்த அம்மாள் ஒரு படி மேலே போனாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டெஸ்மண்டுக்கு ஒரு டப்பா நிறைய இனிப்புப் பணியாரம் செய்து கொடுப்பாளாம், வயலில் நடக்க விட்டதற்காக. சொல்லிவிட்டு அவரைப் பார்த்துப் பாசமாகச் சிரிக்கவும் செய்தாள். ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது நன்றி சொல்லாமல் எப்படி இருப்பது? மூன்றாவதாக வந்த பல் டாக்டரும் முறைப்படி கேட்டுக்கொண்டுதான் நடந்திருந்தார். அப்புறம்தான் வக்கீல் பெண் குண்டைப் போட்டாள்.

"மேடம், சட்டம் தெளிவா இருக்கு. இருபது வருஷம் நடந்தா மட்டும் போதாது. ஒளிஞ்சு நடந்திருக்கக் கூடாது, வேலியை உடைச்சு நடந்திருக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் நடந்திருக்கக் கூடாது. அனுமதி வாங்கினவங்க விருந்தாளிங்க. விருந்தாளி நூறு வருஷம் வந்து போனாலும் வீடு அவங்களுக்குச் சொந்தமாயிடாது. இங்க வந்த எல்லாருமே மிஸ்டர் ரூக்கோட விருந்தாளிங்கதான்."

கிளெனிஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. இருபது வருடக் கணக்கை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். நாலாவதாக எழுந்த தோட்டக்காரரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "கேட்டேன்னு சொல்லித் தொலைக்காதே" என்று பல்லைக் கடித்தாள். அவரும் சரி சரி என்று போனார். போய் நின்றதும், தான் அனுமதி கேட்டது மட்டுமல்ல, வருடா வருடம் அதைப் புதுப்பித்துக்கொண்டதாகவும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஒரு ஊரே வரிசையில் நின்று கெட்டதை அன்றுதான் பார்க்க முடிந்தது.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல முடியுமா, கிளெனிஸ்?" என்றார் அவர் பரிதாபமாக.

"பொய் சொல்லச் சொன்னேனா? இத்தனை மரியாதை உங்களை யார்யா கத்துக்கச் சொன்னது!"

டீ இடைவேளை விட்டார்கள். வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை யாரும் சீண்டவில்லை. ஜாக்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவலைப்படாதம்மா. உனக்குன்னு ரூம் ரெடி பண்ணிட்டேன். நல்ல பச்சைக் கலர்ல கர்ட்டன்கூட வாங்கி மாட்டியிருக்கேன். வயல் மாதிரியே இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னாள். தெல்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மில் ஓடையின் சத்தம் இல்லாமல் தூங்கிய நாள் அவளுக்கு நினைவில் இல்லை. இனி தினமும் ஏழாவது மாடியில் பச்சைக் கர்ட்டனைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். சிவப்புத் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இடைவேளை முடிந்து கடைசிச் சாட்சியாக அவளைக் கூப்பிட்டார்கள். வக்கீல் பெண்ணுக்கு அவசரமே இல்லை. முயல் தானாக வலையில் விழும் என்று தெரிந்தவள் போல நின்றாள்.

"மிஸஸ் டக்வெல், நீங்களும் அனுமதி கேட்டுத்தான் நடந்திருப்பீங்க?"

"யார்கிட்ட?"

"மிஸ்டர் ரூக்கிட்ட."

"நான் அந்த ஆளோட பேசுறதில்ல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி அம்மாள் அன்றைக்கு முதல் முறையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பேசுறதே இல்லையா? எப்பவிருந்து?"

"கேக் போட்டியிலிருந்து, மேடம்."

"அது எந்த வருஷம்?"

"ராணியோட பொன்விழா வருஷம்!" என்று மண்டபமே ஒரே குரலில் பதில் சொன்னது.

அதிகாரி அம்மாள் பேனாவைத் திரும்ப எடுத்தார். விரல்விட்டு எண்ணினார். எழுதினார்.

"அதுக்கப்புறமும் வயல்ல நடந்தீங்களா? அவருக்குத் தெரியாமயா?"

"தெரியாமயா?" தெல்மாவுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. "எதுக்கு ஒளியணும்? அந்த ஆள் சமையலறை ஜன்னலுக்கு நேரா, தலையை நிமிர்த்திக்கிட்டுப் போனேன். பாக்கட்டும்னே இந்தச் சிவப்புத் தொப்பியை வாங்கினேன். தினமும் போனேன்."

"நீங்க மட்டும்தானா?"

"புதன்கிழமைன்னா கூட்டத்தோட போவேன். எந்தெந்த ஊர்லயிருந்தோ வருவாங்க, பாதிப் பேர் பேர்கூட எனக்குத் தெரியாது. ஏறும்போதே சொல்லிடுவேன், அந்த வீட்டுப் பக்கம் ஒருத்தரும் திரும்பக் கூடாது, ஒரு வணக்கம் கிணக்கம் சொல்லக் கூடாதுன்னு."

வக்கீல் பெண்ணின் சிரிப்பு மெதுவாகச் சுருங்கியது. கிளெனிஸ் ஜாக்கியின் முழங்காலை நறுக்கென்று கிள்ளினாள். அதுவரை ஊரைக் கெடுக்கப் போகிறது என்று எல்லாரும் திட்டிய வீம்புதான் இப்போது மிச்சமிருந்த ஒரே சாட்சி. ஆனால் அதையும் ஒருவர் ஒரே வார்த்தையில் அழித்துவிட முடியும். 'அந்தம்மாவையும் சேர்த்து எல்லாரையும்தான் நடக்க விட்டேன்' என்று டெஸ்மண்ட் சொன்னால் போதும், கதை முடிந்தது. தெல்மாவுக்கு அது புரிந்தது. இத்தனை வருடக் கோபத்துக்கு வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள்ள அந்த ஆளுக்கு இதை விட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று நினைத்தாள். போய் ஜாக்கி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டெஸ்மண்ட் எழுந்து வந்தார். டையைச் சரிசெய்துகொண்டார்.

"மிஸ்டர் ரூக்" என்று குரலில் இன்னும் கொஞ்சம் தேனை ஊற்றினாள் வக்கீல் பெண். "நெடுவயல்ல நடக்க ஊருக்கு நீங்கதான் அனுமதி குடுத்தீங்க, இல்லையா?"

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன்."

"கேக்காதவங்களுக்கும் சேர்த்துதானே? உங்களுக்குப் பெரிய மனசு. மிஸஸ் டக்வெல்லையும் மனசுக்குள்ள அனுமதிச்சுத்தானே இத்தனை வருஷம் நடக்க விட்டீங்க?"

டெஸ்மண்ட் திரும்பி தெல்மாவைப் பார்த்தார். பொன்விழா வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். மனுஷன் கிழவனாகிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்கும் அதேதான் தோன்றியிருக்கும்.

"அந்தம்மாவுக்கா?" என்றார். "நான் அனுமதி குடுக்கிறதா? நல்ல கதையா இருக்கே! தாகம்னு வந்து நின்னிருந்தாக்கூட ஓடையைக் கைகாட்டியிருப்பேன்."

"அப்படின்னா ஏன் சார் தடுக்கல?"

"தடுக்கணும்னா பேசணுமே!"

மண்டபம் வெடித்தது. பெர்னார்டு நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். அதிகாரி அம்மாள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமுவது போல் இருமினார். வக்கீல் பெண் விடவில்லை.

"ஒரு போர்டாவது வெச்சிருக்கலாமே?"

"போர்டு வெச்சா அவங்க படிப்பாங்க. படிச்சா, நான் முதல்ல பேசின மாதிரி ஆயிடாதா?"

"மிஸ்டர் ரூக்!"

"இதோ பாரும்மா. வாரா வாரம் ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கிட்டு என் ஜன்னலுக்கு முன்னாடி போவாங்க. ஒரு ஜீவன் திரும்பிப் பாக்காது. நானும் முதுகைக் காட்டிக்கிட்டு டீ குடிப்பேன்." பிறகு அவர் அதிகாரி அம்மாளின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். "பொன்விழாவிலிருந்து நான் நிலத்தை வித்த நாள் வரைக்கும், அந்தம்மாவுக்கும் கூட வந்தவங்களுக்கும் ஒரு நாள்கூட அனுமதி குடுத்ததில்ல. ஒரு நாள்கூடத் தடுத்ததும் இல்ல. நல்லா எழுதிக்குங்க, மேடம்."

சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். லேசி தலையில் கைவைத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவன் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. தான் கூட்டி வந்த சாட்சியே இப்படிச் செய்தால் சிரிக்காமல் வேறென்ன செய்வது?

"அந்தக் கிழவர் தெரிஞ்சேதான்டி சொன்னாரு" என்றாள் கிளெனிஸ், வெளியே வந்ததும்.

"அவருக்கென்ன தெரியும்? கோபத்துல உளறினாரு" என்றாள் தெல்மா. ஆனால் அன்று முழுக்க அந்த 'நல்லா எழுதிக்குங்க' அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில் தீர்ப்பு வந்தது. நெடுவயல் பாதை பொதுப் பாதை. இனி மேப்பிலும் ஏறும். கிளெனிஸ் கடையைப் பூட்டிவிட்டுச் சேற்றில் ஓடி வந்து சொன்னபோது தெல்மா அவளைக் கட்டிக்கொண்டு சமையலறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜாக்கிக்குப் போன் போட்டாள்.

"ஜாக்கி, அந்த கர்ட்டனை நீயே வெச்சுக்கோ! பொறந்த இடத்துலயே வயல் இருக்குடி எனக்கு!"

லேசியும் மனுஷன்தான். இரும்புக் கேட்டைத் தானே நின்று கழற்றினான். குதிரைக்குட்டிகளை மேட்டு நிலத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் உறுதியான புது மரப்படி ஒன்றும் போட்டுக் கொடுத்தான்.

அடுத்த புதன்கிழமை சர்ச் வாசலில் திருவிழாக் கூட்டம். மணி அடிக்கிற ஆறு பேரும் வந்திருந்தார்கள், பல் டாக்டர் வந்திருந்தார், இதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் புது பூட்ஸில் வந்திருந்தார்கள். தெல்மா எல்லாரையும் ஒவ்வொருவராக மரப்படியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடைசியாகத் தான் ஏறப் போனாள். அப்போதுதான் பார்த்தாள். சுவரோரமாக, பழைய பூட்ஸும் தடியுமாக டெஸ்மண்ட் நின்றுகொண்டிருந்தார். ஏறவும் இல்லை, போகவும் இல்லை. வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயலுக்குள் போன கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. நாய்கள்கூடச் சும்மா நின்றன. யார் முதலில் பேசுவது என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"என்ன, வழி மறந்துபோச்சா?" என்றாள் தெல்மா.

டெஸ்மண்ட் தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வித்த நாள்லயிருந்து உள்ள கால் வைக்கல" என்றார். "அந்தப் பையன் லேசி நல்லவன்தான். கேட்டா சரின்னுதான் சொல்லுவான். ஆனா எங்க அப்பா உழுத வயலும்மா அது. நான் நடை பழகின மண்ணு. அதுல நடக்குறதுக்கு இன்னொருத்தர் வாசல்ல போய் நின்னு கேக்குறதா? எனக்கு மனசு வரல."

தெல்மாவின் வாய் அடைத்துப் போனதை அன்றுதான் அந்த ஊர் பார்த்தது. மண்டபத்தில் அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னது யாருக்காக என்று அவளுக்கு இப்போது புரிந்தது. அவளுக்காகவும்தான், அவருக்காகவும்தான். கண் கலங்கியது. குளிர்காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

"இனிமே யார்கிட்டயும் கேக்க வேண்டாம்" என்றாள். "என்கிட்டயும்தான். ஏறுங்க, டெஸ்மண்ட்."

அவர் மரப்படியில் கால் வைத்தார். பிடிமானத்துக்கு அவள் தோளை நீட்டினாள், அவரும் பற்றிக்கொண்டு ஏறினார். வயலுக்குள் இறங்கியதும் கொஞ்ச நேரம் ஈர மண்ணிலேயே நின்றார். பிறகு இரண்டு பேரும் கூட்டத்துக்குப் பின்னால் மெதுவாக நடந்தார்கள். அன்றைக்கு மில்லைப் போய்ச் சேரவே மதியமாகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், யாருக்கும் அவர்களை அவசரப்படுத்த மனசு வரவில்லை.